‘கால் ஆஃப்’ எழுதுவதா, ‘கேன்சல்’ எழுதுவதா?

2019 ஜூலை 15, அதிகாலை 2.51 மணிக்குச் சந்திரயான்-2 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்ப வேண்டும். இன்னும் 56 நிமிடம் இருக்கையில் கவுன்ட்டவுன் நிறுத்தப்பட்டது. ஏவுகலத்தில் தொழில்நுட்பக் கோளாறு. இஸ்ரோ வெளியிட்ட ஆங்கில அறிவிப்பில் இருந்த சொற்கள் இவை: ‘லாஞ்ச் ஹாஸ் பீன் கால்டு ஆஃப் ஃபார் டுடே’. திருத்திய தேதி பிறகு அறிவிக்கப்படும் என்று கூடவே ஒரு வரி. ஜூலை 22 பிற்பகல் 2.43-க்குச் சந்திரயான் கிளம்பியது.

அந்த அறிவிப்பின் உயிர் ‘ஃபார் டுடே’ என்ற கடைசி இரண்டு சொற்களில் இருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: ஏவுதலே கைவிடப்பட்டது என்று தொனிக்கும். ‘கால் ஆஃப்’ தனியாக நின்றால் ‘இனி இல்லை’ என்று பொருள். ‘இன்றைக்கு’ என்று வேலி போட்டதால் அது ‘இன்று மட்டும் இல்லை’ ஆனது. ‘போஸ்ட்போன்டு’ என்று எழுதியிருக்கலாமே என்றால், அடுத்த கேள்வி ‘எந்தத் தேதிக்கு?’ என்று வரும். கோளாறு என்னவென்று பிரித்துப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த நள்ளிரவில் அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

தமிழில் பேசும்போது இந்தச் சிக்கலே நமக்கு வருவதில்லை. கல்யாணம் நின்றுபோச்சு, வேலைநிறுத்தம் வாபஸ், ரயில் ரத்து, தேர்வு தள்ளிவைப்பு, சட்டசபை ஒத்திவைப்பு, மழையால் ஆட்டம் கைவிடப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் நாக்கு நுனியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுத உட்கார்ந்தால்தான் ஆறும் சேர்ந்து ‘கேன்சல்’ ஆகிவிடுகின்றன. தேர்வு தள்ளிப்போனதற்கு ‘எக்ஸாம் கேன்சல்டு’ என்று சுற்றறிக்கை போனால் மாணவர் புத்தகத்தை மூடிவிடுவார், பெற்றோர் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு வருவார்கள்.

திரும்ப நடக்குமா, நடக்காதா

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். திரும்ப நடக்கும் என்றால், ‘ஃபார் டுடே’ போன்ற வேலி இல்லாமல் ‘கால் ஆஃப்’, ‘கேன்சல்’ இரண்டையும் தொடவே கூடாது. ‘போஸ்ட்போன்’, ‘ரீஷெட்யூல்’, பேச்சில் ‘புட் ஆஃப்’ என்று அந்தப் பக்கம் போக வேண்டும். நம் ஊர் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை ‘மீட்டிங் இஸ் கேன்சல்டு டு ஃப்ரைடே’. கேன்சல் ஆனதற்கு வெள்ளிக்கிழமை கிடையாது. ‘கால்டு ஆஃப் டு ஃப்ரைடே’யும் அதே தப்பு. புதிய தேதியை வாக்கியத்தில் ஒட்டவைக்கும் சக்தி ‘போஸ்ட்போன்’ வகைக்கு மட்டுமே உண்டு: ‘போஸ்ட்போன்டு டு ஃப்ரைடே’, ‘புட் ஆஃப் டில் ஃப்ரைடே’, ‘ரீஷெட்யூல்டு ஃபார் ஃப்ரைடே’. எத்தனை நாள் தள்ளினோம் என்று சொல்ல ‘பை’ வேண்டும்: ‘போஸ்ட்போன்டு பை டூ வீக்ஸ்’. ‘டு’ தேதியைக் காட்டும், ‘பை’ இடைவெளியைக் காட்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் படிப்பவர் குழம்புவார்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒலிம்பிக் வரலாறு போதும். 1916, 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் உலகப் போர்களால் ‘கேன்சல்டு’. அவை நடக்கவே இல்லை. 2020 டோக்கியோ ஒலிம்பிக் ‘போஸ்ட்போன்டு’. 2021 ஜூலை 23 அன்று தொடங்கியது, பெயரில்கூட 2020 மாறவில்லை. அதே கொரோனா ஆண்டில் விம்பிள்டன் ‘கேன்சல்டு’, பிரெஞ்ச் ஓப்பன் ‘போஸ்ட்போன்டு’. ஒன்று அந்த ஆண்டுக்கு இல்லவே இல்லை, இன்னொன்று செப்டம்பருக்குப் போனது.

‘புட் ஆஃப்’ பற்றி ஒரு எச்சரிக்கை. இதற்கு ‘வெறுப்பேற்றுவது’ என்று இன்னொரு பொருளும் உண்டு. ‘ஐ வாஸ் புட் ஆஃப் பை தி மீட்டிங்’ என்றால் கூட்டம் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று அர்த்தம். வாய்ப்பேச்சுக்குச் சரி. எழுத்தில், அதுவும் வாடிக்கையாளருக்கு எழுதும்போது, ‘போஸ்ட்போன்’ போடுவதே பத்திரம். தேதியை முன்னால் இழுப்பதற்கு இந்திய ஆங்கிலத்தில் ‘ப்ரீபோன்’ இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்த சொல், நல்ல சொல். ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவருக்கு எழுதினால் ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ என்று எழுதுங்கள்.

நின்றதா, நிறுத்தினார்களா

தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது இங்கே நேராக உதவும். ‘கல்யாணம் நின்றது’, ‘கல்யாணத்தை நிறுத்தினார்கள்’ இரண்டும் ஒரே சம்பவமாக இருக்கலாம், ஆனால் பழி விழும் இடம் வேறு. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஃபால் த்ரூ’, இரண்டாவது ‘கால் ஆஃப்’. ‘தி டீல் ஃபெல் த்ரூ’ என்றால் பேரம் படியவில்லை, யாரையும் கைகாட்டவில்லை. ‘தே கால்டு ஆஃப் தி டீல்’ என்றால் ஒருவர் முடிவெடுத்து நிறுத்தியிருக்கிறார். வீடு வாங்கும் பேச்சு முறிந்ததை மற்றவர்க்கு எழுதும்போது இந்த இரண்டில் எதைப் போடுகிறோம் என்பதில் உறவே தங்கியிருக்கும்.

‘கால் ஆஃப்’ பின்னால் எப்போதும் அதிகாரமுள்ள ஒருவர் நிற்கிறார். நடுவர், சங்கத் தலைவர், விழாக் குழு, மணமகள் வீட்டார். அதனால்தான் ‘ரெயின் கால்டு ஆஃப் தி மேட்ச்’ ஒட்டாது. மழை முடிவெடுக்காது. ‘தி மேட்ச் வாஸ் கால்டு ஆஃப் பிகாஸ் ஆஃப் ரெயின்’ சரி. மழையையே எழுவாயாக வைக்க ஆசை இருந்தால் ‘ரெயின் வாஷ்டு அவுட் தி மேட்ச்’ என்று எழுதலாம். பிரிட்டனில் ‘ரெயின்டு ஆஃப்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ரெயின்டு அவுட்’.

தமிழர் எழுதும் ஆங்கிலத்திலேயே அதிகம் சறுக்கும் இடம் இதையொட்டித்தான் வருகிறது. நாம் ‘மீட்டிங் கேன்சல் ஆயிடுச்சு’ என்கிறோம், ‘கேன்சல் பண்ணிட்டாங்க’ என்கிறோம். ‘ஆகு’, ‘பண்ணு’ இரண்டும் தன்வினை பிறவினை வேலையைப் பார்த்துக்கொள்கின்றன, ‘கேன்சல்’ மாறாமல் அப்படியே நிற்கிறது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலம் எழுதும்போது ‘தி மீட்டிங் ஹாஸ் கேன்சல்டு’, ‘தி எக்ஸாம் ஹாஸ் போஸ்ட்போன்டு’ என்று வந்துவிடுகிறது. கூட்டம் எதையோ ரத்து செய்தது என்று அதற்குப் பொருள். ‘ஹாஸ்’ ஸுக்குப் பிறகு ‘பீன்’ கட்டாயம்: ‘ஹாஸ் பீன் கேன்சல்டு’, ‘ஹாஸ் பீன் கால்டு ஆஃப்’. ஒரே சோதனை: மனதுக்குள் ‘ஆயிடுச்சு’ என்று ஓடினால் ‘பீன்’ போடுங்கள்.

அதிகாரம் பற்றிச் சொன்னதை விருந்தாளிகளும் கவனிக்க வேண்டும். நண்பர் வீட்டில் சனிக்கிழமை இரவு விருந்து, உங்களால் போக முடியவில்லை. ‘ஐ ஆம் காலிங் ஆஃப் சாட்டர்டேஸ் டின்னர்’ என்று செய்தி அனுப்பினால், விருந்தையே நீங்கள் நிறுத்துகிறீர்கள் என்று ஆகிறது. அது அழைத்தவரின் உரிமை. விருந்தாளி எழுத வேண்டியது ‘ஐ வோன்ட் பி ஏபிள் டு மேக் இட் ஆன் சாட்டர்டே’. பங்கேற்க ஒப்புக்கொண்டு பிறகு விலகினால் ‘புல் அவுட்’, வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் பின்வாங்கினால் ‘பேக் அவுட்’. இந்த இரண்டிலும் நிகழ்ச்சி நடக்கும், நீங்கள் மட்டும் இருக்க மாட்டீர்கள்.

நடந்துகொண்டிருப்பதை நிறுத்துவது

‘கால் ஆஃப்’ புக்குத் தனி மதிப்பு வரும் இடம் இது. ‘கேன்சல்’ பெரும்பாலும் இன்னும் தொடங்காததற்கு. ‘கால் ஆஃப்’ தொடங்கியதற்கும் பொருந்தும். இந்திய வரலாற்றுப் பாடப்புத்தகங்களில் 1922 பிப்ரவரியில் சௌரி சௌரா சம்பவத்துக்குப் பிறகு காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை ‘கால்டு ஆஃப்’ என்றுதான் இருக்கும். நாடு முழுக்க நடந்துகொண்டிருந்த இயக்கம் அது. அங்கே ‘கேன்சல்டு’ என்று போட்டால் டிக்கெட்டை ரத்து செய்ததுபோல் சிறுத்துவிடும். வேலைநிறுத்தம், உண்ணாவிரதம், பந்த், மறியல், மீட்புப் பணி எல்லாம் இந்த வகை. தமிழ் நாளிதழ் ‘வாபஸ்’ என்று தலைப்பிடும் இடத்தில் ஆங்கில நாளிதழ் ‘கால்டு ஆஃப்’ போடுவதைப் பார்க்கலாம். சொல்லின் வேரும் இதையே காட்டுகிறது: வேட்டையில் பாய்ந்துகொண்டிருக்கும் நாய்களைக் குரல் கொடுத்துத் திருப்பி அழைப்பதும் ‘கால் ஆஃப்’தான்.

இதன் பக்கத்து வீடு ‘சஸ்பெண்ட்’. காணாமல்போன மலேசிய விமானம் எம்எச்370-ஐத் தேடும் ஆழ்கடல் பணி, 1,20,000 சதுர கிலோமீட்டர் அலசிய பிறகு, 2017 ஜனவரி 17 அன்று நிறுத்தப்பட்டது. மலேசியா, ஆஸ்திரேலியா, சீனா மூன்று அரசுகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் இருந்த சொல் ‘சஸ்பெண்டட்’. செய்தித் தலைப்புகள் பல ‘கால்டு ஆஃப்’ என்று எழுதின. உறவினர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. ‘சஸ்பெண்டட்’ என்றால் கதவு சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை. 2018-இல் ஒரு தனியார் நிறுவனம் மறுபடி தேடப் போனது. நம்பிக்கையோடு காத்திருப்பவர்களுக்கு எழுதும்போது இந்த இரண்டில் ஒன்றைக் கை போன போக்கில் போட்டுவிடக் கூடாது.

கிரிக்கெட்டில் இன்னும் நுணுக்கம். 2019 உலகக் கோப்பையில் இந்தியாவும் நியூசிலாந்தும் இரண்டு முறை மழையில் மாட்டிக்கொண்டன. ஜூன் 13, நாட்டிங்ஹாம்: ஒரு பந்துகூட வீசாமல் ‘அபேண்டன்டு’, ஆளுக்கு ஒரு புள்ளி. ஜூலை 9, மான்செஸ்டர் அரையிறுதி: நியூசிலாந்து 46.1 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 211 எடுத்திருந்தபோது மழை. அதற்கு ‘ரிசர்வ் டே’ இருந்ததால் மறுநாள் அதே பந்திலிருந்து தொடர்ந்தது, இந்தியா 18 ரன்னில் தோற்றது. முதலாவதை ‘கால்டு ஆஃப்’ என்று எழுதலாம். இரண்டாவதற்கு அந்தச் சொல்லை ‘ஃபார் தி டே’ என்ற வால் இல்லாமல் எழுதினால் தப்பு.

சொல் மாறினால் கணக்கே மாறும் என்பதற்கு 2021 செப்டம்பர் 10 மான்செஸ்டர் டெஸ்ட். இந்திய அணி முகாமில் கொரோனா, தொடரில் இந்தியா 2-1 முன்னிலை. இங்கிலாந்து வாரியம் முதலில் வெளியிட்ட அறிக்கையில் ‘ஃபார்ஃபிட்’ என்ற சொல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதை நீக்கித் திருத்திய அறிக்கை வந்தது, அதில் ஆட்டம் ‘கேன்சல்டு’ மட்டுமே. ‘ஃபார்ஃபிட்’ என்றால் இந்தியா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது, தொடர் 2-2. ‘கேன்சல்டு’ என்றால் ஆட்டமே நடக்கவில்லை. அந்த டெஸ்ட் பிறகு 2022 ஜூலையில் பர்மிங்ஹாமில் நடந்தது. தொடர் 2-2 ஆனது, ஆனால் மைதானத்தில் விளையாடி ஆனது.

பணமும் சட்டமும் இருந்தால் ‘கேன்சல்’

டிக்கெட், ஆர்டர், ஹோட்டல் அறை, சந்தா, காப்பீட்டுப் பாலிசி, கிரெடிட் கார்டு. இவற்றுக்கு ‘கால் ஆஃப்’ வரவே வராது. ‘ஐ கால்டு ஆஃப் மை டிக்கெட்’ ஆங்கிலமே இல்லை. ‘ட்ரிப்’பைக் கால் ஆஃப் செய்யலாம், அந்தப் பயணத்துக்கு எடுத்த டிக்கெட்டைக் கேன்சல்தான் செய்ய முடியும். ஒரே மெயிலில் இரண்டும் வந்தால் இப்படி எழுதுங்கள்: ‘வி ஹாவ் கால்டு ஆஃப் தி ஊட்டி ட்ரிப் அண்ட் கேன்சல்டு தி டிக்கெட்ஸ்’. ‘கால்டு ஆஃப் கோயிங் டு ஊட்டி’ என்று வினையைப் பின்னால் ஒட்டினால் இயல்பாக இருக்காது. ‘கால் ஆஃப்’புக்குப் பின்னால் பெயர்ச்சொல்லே வசதி. ‘புட் ஆஃப் கோயிங்’ மட்டும் சரி.

ரயில்வே இதில் கறாராக இருக்கிறது. ‘கேன்சல்டு’, ‘ரீஷெட்யூல்டு’, ‘டைவர்டட்’, ‘ஷார்ட் டெர்மினேட்டட்’ (கடைசி நிலையம்வரை போகாமல் வழியிலேயே முடிவது) என்று நான்குக்கும் நான்கு சொல். பணம் திரும்பும் விதி அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்குவதால்தான் இந்தக் கறார். ரயில் முழுவதுமாக ‘கேன்சல்டு’ என்றால் இ-டிக்கெட் தொகை தானாகவே கணக்குக்கு வந்துவிடும். மற்றவற்றுக்கு நாமாக விண்ணப்பிக்க வேண்டிவரும்.

சட்ட ஏடுகளில் ‘கால் ஆஃப்’ கிட்டத்தட்டத் தலைகாட்டாது. 2013 கம்பெனிகள் சட்டம் 103-ஆம் பிரிவைப் பாருங்கள். பொதுக்கூட்டத்தில் அரை மணி நேரத்துக்குள் குறைந்தபட்ச எண்ணிக்கை சேரவில்லை என்றால் கூட்டம் ‘அட்ஜர்ன்டு’, அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடம். அதே கூட்டத்தை உறுப்பினர்களே கோரிக்கை வைத்துக் கூட்டியிருந்தால் ‘கேன்சல்டு’, அத்தோடு முடிந்தது. கம்பெனிச் செயலர் குறிப்பேட்டில் இந்த இடத்தில் ‘கால்டு ஆஃப்’ என்று எழுதினால், இரண்டில் எது நடந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

தேர்தலுக்கு இன்னொரு சொல். 2016 மே 16 அன்று நடக்க இருந்த அரவக்குறிச்சி, தஞ்சாவூர் வாக்குப்பதிவு, வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த புகாரில் முதலில் ‘போஸ்ட்போன்டு’ ஆனது. அதே மாத இறுதியில் தேர்தல் ஆணையம் அறிவிக்கையையே ‘ரிசிண்ட்’ செய்தது. அதன் பிறகு பழைய வேட்புமனுவுக்கு மதிப்பில்லை, எல்லாம் முதலிலிருந்து. நவம்பர் 19-இல்தான் வாக்குப்பதிவு. ஆணை, அறிவிக்கை, தீர்மானம் போன்ற எழுத்துகளைத் திரும்பப் பெறும்போது மட்டுமே ‘ரிசிண்ட்’ வரும்.

‘கால் ஆஃப்’பைக் கையாளும் முறை

இது பிரியும் வினை. ‘கால் ஆஃப் தி மீட்டிங்’, ‘கால் தி மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. ‘இட்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘கால் இட் ஆஃப்’. ‘கால் ஆஃப் இட்’ எந்தச் சூழலிலும் தப்பு. பெயர் நீண்டுபோனால் பிரிக்காதீர்கள். ‘தி மீட்டிங் வித் தி ஆடிட்டர்ஸ் ஃப்ரம் சென்னை’ முழுவதையும் ‘கால்’லுக்கும் ‘ஆஃப்’புக்கும் நடுவில் திணித்தால், ‘ஆஃப்’ வருவதற்குள் படிப்பவர் ‘கால்’லை மறந்திருப்பார்.

உச்சரிப்பில் அழுத்தம் ‘ஆஃப்’ மேல். ‘கால் இட் ஆஃப்’ மூன்றும் பிரிந்து நிற்காமல், ‘கோலிட்டாஃப்’ என்பதற்குப் பக்கத்தில், ஒரே மூச்சில் வரும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்த முதல் உயிர் நம் ‘கால் டாக்சி’யின் ‘கா’ இல்லை, ‘கோ’ பக்கம் சாயும். தொலைபேசியில் அழுத்தம் தப்பினால் எதிர்முனை ‘கால்’ மட்டும் பிடித்துக்கொண்டு, ஃபோன் பண்ணச் சொல்கிறார்கள் என்று நினைக்கும்.

ரத்து என்ற பெயர்ச்சொல் தேவைப்பட்டால் ‘கேன்சலேஷன்’ என்றே எழுதுங்கள். எழுத்துக்கூட்டலில் பிரிட்டிஷ், இந்திய வழக்கில் ‘கேன்சல்டு’க்கு இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று. ‘கேன்சலேஷ’னுக்கு இரு பக்கமும் இரண்டு எல்.

அமெரிக்க அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. அங்கே சில பகுதிகளில் ‘ஹீ கால்டு ஆஃப் டுடே’ என்றால், உடம்பு சரியில்லை என்று சொல்லி இன்று வேலைக்கு வரவில்லை என்று பொருள். எதையும் ரத்து செய்யவில்லை.

கொள்முதல் துறையில் இருப்பவர்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ஒப்பந்தங்களில் ‘கால்-ஆஃப் ஆர்டர்’ என்பது நேர் எதிர்ப் பொருள். ஒரு பெரிய ஒப்பந்தத்தை முன்கூட்டியே போட்டுவைத்து, தேவைப்படும்போது அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு கேட்டு வாங்குவதுதான் ‘கால் ஆஃப்’. திருப்பூரிலிருந்து ஏற்றுமதி செய்பவருக்கு ‘வி வில் கால் ஆஃப் 5,000 பீசஸ் இன் மார்ச்’ என்று மெயில் வந்தால், மார்ச்சில் 5,000 உருப்படி அனுப்பச் சொல்கிறார்கள். ரத்து என்று நினைத்துத் தறியை நிறுத்திவிடக் கூடாது. நீங்கள் உண்மையிலேயே ஆர்டரை ரத்து செய்ய விரும்பினால், ‘கேன்சல்’ என்ற சொல்லோடு ஆர்டர் எண்ணையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்: ‘ப்ளீஸ் கேன்சல் பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் 118 டேட்டட் 4 மார்ச் இன் ஃபுல்’. பாதி மட்டும் என்றால் ‘இன் ஃபுல்’ இருக்கும் இடத்தில் எத்தனை உருப்படி என்று எண்ணிக்கையைப் போடுங்கள்.